மூலையில் மறைந்த தேர்

திங்கட்கிழமை, மாலை நான்கு மணி.

ஏழாம் எண் எழுதிய கறுப்புப் பையின் நாடாவை அவிழ்த்து உள்ளே கையை விட்டாள் நாகிசா. விட்ட கை உள்ளேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக வெளியே எடுத்தாள். கையில் இருந்தது ஒரு ஹெட்போன்தான். ஆனால் அது வாசல் கூடையில் ஆயிரம் யென்னுக்குக் குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக் சாமான். அவள் எட்டு மாதமாக, விரலைச் சுட்டுக்கொண்டு செய்த ஹெட்போன் அல்ல.

"மினேகோ அக்கா!" என்று அவள் கத்திய கத்தலில் கீழ்க்கடைக்காரன் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஒசாகாவின் நிப்பொன்பாஷித் தெருவில் மாடியில் இருக்கும் கடை அது. முதலாளி மினேகோ. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து, எந்த ஹெட்போனையும் போட்டுக் கேட்கலாம். வாங்காமல் போனாலும் மினேகோ முகம் சுளிக்க மாட்டாள், முதுகுக்குப் பின்னால்தான் திட்டுவாள். வருடத்துக்கு ஒருநாள் 'கண்கட்டு ஞாயிறு'. வருகிறவர்களின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, நாகிசா தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் காதில் மாட்டுவாள். எது என்ன கம்பெனி, என்ன விலை, ஒன்றும் தெரியாது. காது சொல்வதுதான் தீர்ப்பு.

நேற்று அந்த ஞாயிறு. ஆறு லட்சம் யென் விலையுள்ள 'கிரிசமே' ஹெட்போன் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. நாகிசா செய்த ஏழாம் எண் கடைசி. அதற்கு ஓட்டுப் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

அந்தக் கடைசியைத்தான் இன்று யாரோ திருடியிருக்கிறார்கள்!

தெருமுனை போலீஸ் பூத்திலிருந்து வந்தார் சார்ஜென்ட் சகாகி. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. பாதி சாப்பிட்ட ஊடோன் நூடுல்ஸ் கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் அப்பியிருந்தது.

"என்னம்மா காணோம்? வைரமா?"

"ஹெட்போன். நானே செஞ்சது."

"விலை?"

"விலையே போடலை மேடம். விக்கறதுக்கு இல்லை. எங்கப்பாவுக்கு."

அப்பா கான்ஜிக்கு மூன்று வருடம் முன் காய்ச்சலில் வலது காது போயிற்று. இடது காது மட்டும் மிச்சம். கிஷிவாடாக்காரர். அந்த ஊரில் செப்டம்பர் வந்தால் தேர். மரத்தேரை நூறு பேர் கயிறு பிடித்து ஓட்டமாக இழுத்துப்போய், வேகம் குறையாமல் தெருமூலையில் திருப்புவார்கள். அந்தத் தேருக்குள் உட்கார்ந்து இருபது வருடம் சேகண்டி அடித்தவர் கான்ஜி. காது போனதும் தேர்ப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

"கடையில எல்லாரும் சோதனைக்குக் கேக்கறது ஒரு தேர் ஒலிப்பதிவுதான் மேடம். அக்காவோட வீட்டுக்காரர் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ரோட்டு ஓரத்துல நின்னு எடுத்தது. தேர் இடது காதுல வரும், மூலை திரும்பி வலது காதுல போகும். அதுல சேகண்டி அடிக்கறது எங்கப்பாதான். போன வருஷம் அவருக்கு கிரிசமேல போட்டுக் காட்டினேன். 'தேர் மூலைக்கு வந்துச்சு, காணாமப் போச்சு'ன்னு கழட்டி வச்சிட்டுப் போயிட்டார்."

"வலது காதுக்கு வர்றது அவருக்குக் கேக்காதே."

"ஆமா. அதுக்காகத்தான் இது. வலதுபக்கச் சத்தத்தையும் இடது காதுக்கே கொண்டுவரும். ஆனா கொஞ்சம் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி. ரெண்டு காதும் இருக்கறவங்களுக்கு இது குழப்பமாத்தான் இருக்கும். அதான் நேத்து கடைசி."

"அப்பா எப்ப வரார்?"

"ஆறு மணிக்கு. எத்தனையோ கெஞ்சின பிறகு ஒத்துக்கிட்டார். 'ஒரே ஒரு தரம் வரேன். பொய்யா இருந்தா மறுபடி இந்தப் பேச்சையே எடுக்காதே'ன்னுட்டார். சொன்னா சொன்னதுதான் மேடம், பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம்."

சகாகி கடிகாரத்தைப் பார்த்தார். ஊடோனை மறந்துபோனார்.

இன்று கடைக்கு விடுமுறை. மாடியில் இருந்தவர்கள் நான்கே பேர். நாகிசா இரண்டு மணிக்கு ஏழாம் எண்ணைக் கடைசியாகப் போட்டுக் கேட்டு, பையில் வைத்துக் கட்டிவிட்டு, அப்பாவுக்குப் பிடித்த கானாங்கெளுத்தி சுஷி வாங்க வெளியே போனாள். வரிசையில் நின்று வாங்கி வர நான்கு ஆகிவிட்டது. மினேகோ படிக்கட்டு முகப்பில் கல்லாவை விட்டு நகரவில்லை. வேறு யாரும் படி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மற்ற இருவரில் ஒருவன் இனாபா, கிரிசமே கம்பெனியின் விற்பனை ஆள். மூன்றாம் இடத்துக்கு நியாயம் கேட்க வந்தவன். இன்னொருவர் குசுமோட்டோ, பத்திரிகை விமரிசகர். அவர் பத்தியில் நல்லது என்று எழுதினால் ஊரே வாங்கும். இன்று இரவு கிரிசமேயை வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதப் போகிறார். அது ஏற்கெனவே பேசி வைத்தது.

"யார் எப்ப எங்க இருந்தீங்க?" என்றார் சகாகி.

மினேகோ முந்திக்கொண்டாள். "முதல்ல இந்த இனாபா ரெண்டாம் அறைக்குப் போனான், கிரிசமே கேக்கறேன்னு. அப்ப குசுமோட்டோ ஐயா என் எதிர்ல உக்காந்து பத்திரிகை படிச்சிட்டிருந்தார். மூணு மணி வாக்குல இவன் வெளிய வந்தான், ஐயா உள்ள போனார். அதுலேருந்து நாலு மணி வரைக்கும் இவன் என் உயிரை வாங்கினான்."

"நியாயம் கேட்டேன் அக்கா, உயிரை வாங்கலை."

ரெண்டாம் அறையும், ஏழாம் எண் இருந்த பின்னறையும் எதிரெதிரே. கல்லாவிலிருந்து அந்த நடை தெரியாது. ஆக, ஒருவர் அறைக்குள் இருந்தபோது இன்னொருவர் மினேகோவின் கண்ணெதிரே. இருவரில் எவரோ ஒருவர், தன் முறையில், கேட்பதாகச் சொல்லிக்கொண்டு கேட்காமல் எதிரறைக்குப் போயிருக்க வேண்டும்.

முதலில் தேடினார்கள். மேசைக்கடி, குப்பைக்கூடை, குளியலறை, பரண். யாரும் கேட்காமலே இனாபா தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். பாதி தின்ற அரிசி அப்பளம், மூன்று கழுத்துப்பட்டை, ஒரு ஒற்றைக் காலுறை. குசுமோட்டோ தோல்பையைப் பணிவாகத் திறந்து காட்டினார். ரெண்டாம் அறையில் கிரிசமே தாங்கியில் தொங்கியது. பக்கத்தில் அதன் புகழ்பெற்ற செர்ரி மரப்பெட்டி. சகாகி மூடியைத் தூக்கினார். பட்டு விரித்த தட்டு, ஹெட்போன் வடிவப் பள்ளம், காலி.

"பார்த்து மேடம், அந்தப் பெட்டி மட்டுமே எண்பதாயிரம்" என்றான் இனாபா. அவர் மூடினார்.

நான்கரை மணி. இனாபாவைத் தனியாக உட்கார வைத்தார் சகாகி.

"நேத்து உங்க ஆறு லட்சத்துக்கு மூணாம் இடம். கோபமா?"

"கோபம்தான். ஆனா கடைசியா வந்ததை நான் ஏன் மேடம் திருடறேன்? திருடினா முதலா வந்ததை இல்ல திருடணும்!"

"அறைக்குள்ள என்ன செஞ்சீங்க?"

"தேர்ப்பதிவைப் போட்டுக் கேட்டேன். எங்க சரக்குல என்ன குறைன்னு பார்த்தேன். சிரிக்காதீங்க, முதல்ல தலைகீழா மாட்டிக்கிட்டேன். பன்னிரண்டு வருஷமா விக்கறவன், இடது எது வலது எதுன்னு தெரியாம! தேர் தப்புப் பக்கத்துலேருந்து வருது. கழட்டித் திருப்பி மாட்டினேன், சரியாயிடுச்சு. தூக்கம் போதலை, வேற என்ன."

சகாகி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். குசுமோட்டோ சன்னலோர நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் போய் நின்று, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். மனிதர் நிமிரவே இல்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"பெரிய மனுஷன் மேடம்," இனாபா கிசுகிசுத்தான். "இப்பல்லாம் ரெண்டு மூணு தரம் கூப்பிட்டாத்தான் திரும்புவார். தலைக்கனம்."

சகாகி முன்னால் வந்து நின்றதும் குசுமோட்டோ பதறி எழுந்து குனிந்து வணங்கினார். தலைக்கனம் உள்ளவர் வணங்குகிற வணக்கமாக அது தெரியவில்லை.

"அறைக்குள்ள என்ன கேட்டீங்க?"

"கிரிசமேயிலே தேர்ப்பதிவு. ஒரு மணி நேரமும் அதேதான்."

"எப்படி இருந்துச்சு? நான் தெரியாதவ, சொல்லுங்க."

"இந்தக் கருவியோட பெருமையே அதுதானே. தேர் இடது பக்கம் தூரத்துல தொடங்கும். நெற்றிக்கு நேரா மூலை திரும்பும். அப்புறம் வலது பக்கம் நூல் பிடிச்ச மாதிரிப் போகும். இன்னிக்கும் அப்படியேதான். குறையே கிடையாது."

"நூல் பிடிச்ச மாதிரி" என்று இனாபாவும் உதட்டசைத்தான். அவன் கம்பெனி விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பதும் அதே வார்த்தைதான்.

"நாகிசா, நேத்து ஏழாம் எண் யாருக்காவது பிடிச்சுதா?"

"எங்க மேடம்! எல்லாரும் அரை நிமிஷத்துல கழட்டச் சொன்னாங்க. ஐயா மட்டும்தான் பாவம், ரொம்ப நேரம் கேட்டார். 'இன்னொரு தரம்'னு ரெண்டு தடவை போடச் சொன்னார். என்னென்ன தப்புன்னு எழுதப் போறார்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

அப்போது நாகிசாவின் போன் அடித்தது. "ரயில் ஏறிட்டேன்" என்றது அப்பாவின் குரல். "சுஷி வாங்கிட்டியா?" வாங்கிவிட்டேன் என்றாள். ஹெட்போனைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சகாகிக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாரும் அதைப் பத்தியே பேசறீங்க. எனக்கும் அந்தத் தேரைப் போட்டுக் காட்டுங்களேன்" என்று ரெண்டாம் அறைக்குள் போனார்.

"மேடத்துக்கு ஹெட்போன் பழக்கமா?" என்றாள் மினேகோ.

"வீட்டுக்காரர் குறட்டைக்கு அடைச்சுக்கறதோட சரி."

கிரிசமேயைக் கையில் எடுத்தார். நீல வளையம் இடது, சிவப்பு வளையம் வலது என்று நாகிசா காட்டினாள். பார்த்து, சரியாக மாட்டிக்கொண்டார். நாகிசா பொத்தானை அழுத்தினாள்.

முதலில் கூச்சல். பிறகு மேளம், குழல், அதற்கு மேலே கணீர் கணீரென்று சேகண்டி. போலீஸ்காரம்மாவின் கால் தானாகத் தாளம் போட்டது. தேர் வந்தது, நெற்றிக்கு நேரே திரும்பியது, போய்விட்டது.

அவர் கழற்றி, வளையங்களை இன்னொரு முறை பார்த்தார். "ஏம்மா, இடது பக்கம் வந்து வலது பக்கம் போகும்னு சொன்னீங்க. எனக்கு வலது பக்கம் வந்து இடது பக்கம்ல போச்சு?"

நாகிசா கிரிசமேயைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ஒயரின் இரண்டு முனைகளும் இடது, வலது காதுக் கிண்ணங்களில் செருகியிருந்த இடத்தைப் பார்த்தாள். "ஐயையோ! மத்தியானம் துடைக்கறதுக்குக் கழட்டினேன். திருப்பிப் போடறப்ப மாத்திச் செருகிட்டேன்! அப்பா வர்ற பரபரப்புல..."

"மத்தியானத்துக்கு அப்புறம் இந்த ஒயரை யாராவது தொட்டாங்களா?"

"இல்லை மேடம், அதைக் கழட்டி மாட்டறது நான் மட்டும்தான். வேற யாரும் தொட மாட்டாங்க."

சகாகி கிரிசமேயை வாங்கித் தாங்கியில் மாட்டினார். பிறகு எல்லோரையும் முன்னறைக்கு வரச் சொன்னார். குசுமோட்டோ அதே நாற்காலி. சகாகி அவருக்கு வலப்பக்கமாகப் போய், ஓரடி பின்னால் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"குசுமோட்டோ ஐயா, உங்க கழுத்துல கரப்பான்பூச்சி."

மினேகோ வீல் என்றாள். இனாபா நாற்காலியில் ஏறிவிட்டான். குசுமோட்டோ மட்டும் அசையவில்லை. எல்லோரும் ஏன் தன்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று விழித்தார்.

சகாகி சுற்றி வந்து, அவருடைய இடப்பக்கம் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். குரல் இப்போது போலீஸ் குரலாக இல்லை.

"வலது காது எப்ப போச்சு ஐயா?"

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "ரெண்டு வருஷம்" என்றார். "ஒரு நாள் காலையில எழுந்தேன். இல்லை."

"மூணு மணிக்கு உள்ள போனீங்க. கிரிசமேயைத் தொடவே இல்லை. தொட்டிருந்தா இன்னிக்கு உங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும். எப்பவும் தேர் வந்து காணாமப் போகும். இன்னிக்கு ஒயர் மாறியிருந்ததால ஒண்ணுமில்லாத இடத்துலேருந்து திடீர்னு வந்திருக்கும். இனாபா நிஜமாக் கேட்டான், அதனால தன்னையே முட்டாள்னு நெனச்சுத் திருப்பி மாட்டினான். நீங்க ஊர் சொல்றதைச் சொன்னீங்க. நூல் பிடிச்ச மாதிரின்னு."

"ஐயா?" என்றாள் நாகிசா. நம்ப முடியாமல்தான் கேட்டாள்.

"அந்த ஹெட்போன் யாருக்கும் பிடிக்கலை," என்று தொடர்ந்தார் சகாகி. "ரெண்டு காது இருக்கறவனுக்கு அது கடைசி. ஒத்தைக் காதுக்காரனுக்கு மட்டும்தான் அது முதல். ஆறு லட்சத்தை விட்டுட்டு அதை எடுக்கறவர் வேற யாரா இருக்க முடியும்? இனாபா, அந்தப் பெட்டியில தட்டுக்குக் கீழே என்ன இருக்கும்?"

"மாத்து ஒயர் வைக்கற இடம் மேடம். தட்டு தனியா வரும்..." என்று ஆரம்பித்தவன் வாயைப் பிளந்தான்.

மினேகோ பெட்டியைக் கொண்டுவந்தாள். பட்டுத் தட்டைத் தூக்கியதும் ஏழாம் எண் தெரிந்தது. ஒரு கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது. ராத்திரி கிரிசமேயைத் தட்டில் வைத்து, பெட்டியோடு எடுத்துக்கொண்டு, எல்லோரும் குனிந்து வழியனுப்ப அவர் படி இறங்கியிருப்பார். மூடியில் பொறித்த பேரைப் பார்த்தவர் எவரும் அதற்குக் கீழே பேரில்லாத ஒன்று இருக்கும் என்று தேடப் போவதில்லை. சார்ஜென்ட் சகாகியும் முதல்முறை தேடவில்லைதான்.

குசுமோட்டோ தரையில் இறங்கி, நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"எனக்கு ரெட்டைப் பொண்ணுங்க. ஒருத்தி சப்போரோவில, ஒருத்தி ஃபுகுஓகாவில. சின்ன வயசுல மைக்குக்கு ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு பாடினதைப் பதிஞ்சு வச்சிருக்கேன். தினம் ராத்திரி கேப்பேன். ரெண்டு வருஷமா ஒருத்திதான் பாடறா. நேத்து கண்ணைக் கட்டி இதை மாட்டினதும் தேர் மூலை திரும்பிச்சு. திரும்பிடுச்சு அம்மா! அப்ப மத்தவளும் பாடுவான்னு... ஒரே ராத்திரி. நாளைக்குக் காலையில கொண்டுவந்து வச்சிருப்பேன்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே ஐயா" என்றாள் நாகிசா.

"எதுக்குன்னு கேட்டிருப்பே. ஒத்தைக் காது விமரிசகன் எழுதறதை யார் படிப்பா?"

"அந்த ரெண்டு வருஷமா நீங்க எழுதினதை நம்பி நாங்க எத்தனை வித்திருக்கோம்!" என்றான் இனாபா. திட்ட ஆரம்பித்தானா தேற்ற ஆரம்பித்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

நாகிசாவுக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் வாயைத் திறக்கும் முன் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆறு மணி.

கான்ஜி உள்ளே வந்தார். குட்டை உருவம், கரகரத்த குரல். தரையில் குனிந்திருந்த மனிதரைப் பார்த்தார், போலீஸ்காரம்மாவைப் பார்த்தார். "என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லப்பா. உட்காருங்க."

அவள் ஏழாம் எண்ணைக் கையிலெடுத்தாள். அவர் தலையில் மாட்டி, வளையத்தைச் சரிசெய்து, பொத்தானை அழுத்தினாள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தொடைமேல் சேகண்டி அடித்தது. மூலை வரும் இடத்தில் அவர் முகம் முன்கூட்டியே சுருங்கியது, இதோ மறையப் போகிறது என்று.

மறையவில்லை. கிழவரின் கண் திறந்தது. வாய் லேசாகப் பிளந்தது. திரும்பிய தேர் தெருவில் போய்க்கொண்டே இருந்தது. அதோடு போன அவர் கை திடீரென்று தொடைமேல் நின்றது.

முடிந்ததும், "மறுபடி" என்றார். மறுபடி போட்டாள். அதே இடத்தில் கை நின்றது.

"நாகிசா."

"சொல்லுங்கப்பா."

"திரும்பினதும் தாளத்துல ஒரு அடி இழுத்திருக்கு. சேகண்டி. மேளம் இல்லை."

பதிவு எடுத்த அந்த வருடம் மூலையில் தாளம் தப்பித் தேர் தடுமாறி, புகையிலைக் கடைக் கூரையைப் பெயர்த்தது. மேளக்காரர் முராதாதான் தப்பினார் என்று ஊரே சொன்னது. கான்ஜியின் சேகண்டி தப்புமா என்ன? கான்ஜியும் அப்படியே சொன்னார். முராதா மேளத்தை விட்டார், இருவருக்கும் பேச்சு நின்றது. இத்தனை வருடமாக ஆயிரம் பேர் இந்தக் கடையில் அந்தப் பதிவைக் கேட்டார்கள். எல்லோரும் ஹெட்போனைத்தான் கேட்டார்கள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. இங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே."

"ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? நீங்களே கேக்கணும்னுதான்."

கிழவர் மகளைப் பார்த்தார். அவள் விரல்களில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார். பிறகுதான் பாயில் இருந்த குசுமோட்டோவிடம் திரும்பினார். "நீ யாருய்யா?"

"இதைத் திருடினவன்," என்றார் குசுமோட்டோ.

"எந்தக் காது?"

"வலது."

"எனக்கும் வலதுதான். அப்ப இந்தப் பக்கம் வந்து உட்காரு, இல்லேன்னா ரெண்டு பேரும் கத்திக்கிட்டே கிடக்கணும்." ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"புகார் கொடுக்கறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் சகாகி.

நாகிசா குசுமோட்டோவின் இடது காதருகே குனிந்தாள். "ஐயா, இந்த வாரப் பத்தியில உண்மையை எழுதுங்க. இன்னொண்ணு செஞ்சு தரேன். எழுதலைன்னா புகார்."

"எழுதறேன்" என்றார் அவர். மகள்களின் பாட்டு பதிந்த தன் பழைய பிளேயரை எடுத்து ஹெட்போன் ஒயரைச் செருகினார். சற்று நேரத்தில் இரண்டு விரல்களை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். இரண்டு பேர். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

கான்ஜி அதற்குள் சன்னலோரம் போய், போனை இடது காதில் அழுத்திப் பிடித்திருந்தார். மறுமுனையில் நெடுநேரம் மணி அடித்தது.

"முராதா, நான்தான்... வைக்காதே! வைக்காதேடா, ஒரே ஒரு வார்த்தை. அந்த மூலையில தாளத்தை இழுத்தது நீ இல்லை. நான்." மறுமுனை ஏதோ கேட்டது. "எப்படித் தெரியுமாவா? என் பொண்ணு கேக்க வச்சா. தேர் திரும்பிடுச்சுடா. கேட்டேன்."